எண்பத்தேழு பங்கு தண்ணீர்

கோபக்காரியின் கையில் மைக்கைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், அதற்கப்புறம் நடப்பதற்கெல்லாம் கொடுத்தவர்தான் பொறுப்பு. எங்கள் ஊர்ப் பால் சங்கத்துப் பிரசிடெண்ட்டிடம் இதை நேரிலேயே சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. எல்லாத் தப்பும் என் வாயுடையதாம். இருக்கட்டும். அந்த வாயாலேயே நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் கேரளாவில், கொல்லங்கோட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. பஸ் ஏறிக் கண்ணை மூடித் திறந்தால் தமிழ்நாடு. போர்டெல்லாம் மலையாளத்தில் இருக்கும், சண்டையெல்லாம் தமிழில் நடக்கும். வீட்டுக்கு வீடு மாடு. காலையும் சாயங்காலமும் கறந்து சங்கத்துக்கு ஊற்றுவதுதான் ஊரின் பிழைப்பு. நான் கோயமுத்தூரில் ஊட்டச்சத்துப் படிப்பு முடித்துவிட்டு இந்த ஊருக்கு மருமகளாக வந்தவள். அந்தப் படிப்புக்கு இங்கே மரியாதை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. "அம்மிணி, பருத்திக்கொட்டைல சத்தா, புண்ணாக்குல சத்தா?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். மாட்டுக்காக. மனிதருக்காகக் கேட்டவர் ஒருத்தரும் இல்லை.

இப்படி இருக்கும்போது சங்கத்தில் டெஸ்டர் வேலை காலியானது. வருகிற பாலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்து, லாக்டோமீட்டர் என்கிற கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்கிற வேலை. வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மகளுக்கு அப்போது ஒரு வயதுகூட ஆகவில்லை, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. காலையில் போய் வந்துவிடலாம், சாயங்காலம் போய் வந்துவிடலாம், நடுவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். எனக்காகவே செய்து வைத்த வேலை. அங்கே ஒரு மேசையும் நாற்காலியும் உண்டு. மேசைமேல் கண்ணாடிக் குழாய்கள் உண்டு. ராத்திரி படுத்தால் அந்த நாற்காலிதான் கண்ணுக்குள் வந்து நிற்கும். அந்த வேலைமேல் அவ்வளவு ஆசை வைத்திருந்தேன்.

ஒருநாள் பிரசிடெண்ட் நாச்சிமுத்து எங்கள் வீட்டுக்கே வந்தார். மாமா (மாமனாரைத்தான் சொல்கிறேன்) துண்டால் நாற்காலியைத் தட்டிப் போட்டார்.

"அம்மிணி, சங்கத்து ஆண்டு விழாவுக்கு இந்த வருசம் பட்டிமன்றம் வெக்கறோமுங்க. உடம்புக்கு ஒரம் பாலா, கோழியா? நடுவரு பொள்ளாச்சில இருந்து வாராரு. அணிக்கு ஒருத்தருதான். நீங்க பேசோணும்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "பேசறனுங்க! பால்ல இருக்கற கால்சியம்..."

"அதில்லீங்க. பாலுக்கு என்ற அக்கா மகன் தினேசு பேசறான். நீங்க கோழிக்குப் பேசுங்க."

"பால் சங்கத்துல நான் கோழிக்குப் பேசறதுங்களா?"

"எதுக்க ஒருத்தரு நின்னு பேசுனாத்தானுங்க பட்டிமன்றம். பாலுதான் ஜெயிக்கும், அது முடிவாயிப்போச்சு, நடுவருகிட்டயும் சொல்லிப்போட்டோம். நீங்க நல்லாப் பேசோணும். ஆனா ரொம்ப நல்லாப் பேசிப்போடக் கூடாது." எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "அந்த டெஸ்டர் சோலி விசயமும் என்ற மனசுல இருக்குதுங்க. விழா நல்லபடியா முடியட்டும்."

தோற்றுப்போனால் வேலை. இதுதான் பேரம். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என்னைப் பெற்ற அப்பனிடம்கூட நான் தாயக்கட்டத்தில் தோற்றுக் கொடுத்ததில்லை. ஆனால் நாற்காலி கண்ணுக்குள் நின்றது. சரிங்க என்றேன். தினேஷும் அதே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது. (தெரிந்திருந்தால் இந்தக் கதை எங்கள் வீட்டு வாசலிலேயே முடிந்திருக்கும்.)

"தோத்துப்போட்டு வந்துரு கண்ணு, அதுல என்ன வந்துச்சு?" என்றார் மாமா. அவருக்கும் அந்த விழாவில் ஒரு காரியம் இருந்தது. வருஷத்திலேயே அதிகம் பால் ஊற்றிய உறுப்பினர் என்று அவருக்குப் பித்தளைக் குத்துவிளக்கு கொடுக்கப்போகிறார்கள். சட்டையை அன்றைக்கே தேய்க்கக் கொடுத்துவிட்டார்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டில் பாலும் கோழியும் எப்படிப் பங்காகும் என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று உங்களுக்குப் புரியாது.

பால் பங்காகவே ஆகாது. முழுதும் சங்கத்துக்கு. மாமா கேனை எடுத்துப் பைக்கில் வைக்கும்முன் விரலால் மேலிருந்து கீழே தட்டிப் பார்ப்பார். சத்தத்திலேயே அளவு தெரிந்துவிடும் அவருக்கு. ஒரு சொட்டு குறையக் கூடாது. கோழி கூவும் முன்னே எழுந்து சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, முட்டி வலிக்க உட்கார்ந்து கறக்கிற அத்தை (மாமியாரை நாங்கள் அத்தை என்போம்) குடிப்பது கட்டஞ்சாயா. பாலே பார்க்காத கறுப்புத் தேத்தண்ணி. தொழுவம் நிறைய மாட்டை வைத்துக்கொண்டு கட்டஞ்சாயா! எங்கள் வீட்டில் மட்டுமில்லை, ஊர் முழுதும் இதே கதைதான்.

கோழி ஞாயிற்றுக்கிழமை வரும். கால் இரண்டும் ஆண்களுக்கு. நெஞ்சுக்கறி ஒறம்பரைக்கு, விருந்தாளி யாராவது எப்படியும் வந்து சேர்ந்துவிடுவார்கள். ஈரல் மாமாவுக்கு. எனக்கும் அத்தைக்கும் கழுத்து, முதுகெலும்பு, அப்புறம் குழம்பு. "குழம்புலதான் சத்தெல்லாம் எறங்கியிருக்குது" என்று என் வீட்டுக்காரர் செந்தில் காலைக் கடித்துக்கொண்டே எனக்குச் சொல்வார். ஊட்டச்சத்துப் படித்த எனக்கு! அப்படியே அந்தக் குழம்பை எடுத்து அவர் தலையில் கொட்டலாம் போல இருக்கும்.

ஒன்றே ஒன்று விதிவிலக்கு. ராத்திரியில் அத்தை எனக்கு மட்டும் ஒரு டம்ளர் பால் காய்ச்சிக் கொடுப்பார். "பாக்கெட் பாலு கண்ணு. புள்ளைக்குக் குடுக்கறவ, குடிச்சுப்போட்டுப் படு." நான் சும்மா குடிக்கிறவளா? "ஏனுங்கத்தை, இந்தப் பாக்கெட் பால்ல என்னுங்க இருக்குது? சத்தையெல்லாம் எடுத்துப்போட்டுத்தான் விக்கறானுக. ருசியே இல்ல" என்று நாள் தவறாமல் ஒரு வகுப்பு எடுத்துவிட்டுத்தான் குடிப்பேன். அத்தை பாவம், ஆமா கண்ணு, ஆமா கண்ணு என்று டம்ளரை வாங்கிக் கழுவி வைப்பார்.

விழா அன்று சங்கத்துக் கட்டிடத்தின் முன்னால் பந்தல். பந்தலுக்குப் பின்னால் அண்டா. அண்டாவில் என்ன தெரியுமா? கோழி பிரியாணி! பால் சங்கத்து ஆண்டு விழாவுக்குப் பால் பாயசம்கூட இல்லை, கோழி பிரியாணி. பாலின் பெருமையைப் பேச மேடை போட்டுவிட்டு, பின்னால் தம் போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். கேட்டால், "பாயசம்னா எவனுங்க வருவான்?" என்றார் பிரசிடெண்ட். அங்கேயே பட்டிமன்றம் முடிந்துவிட்டது என்பேன் நான். மேடையில் ஏறியதெல்லாம் வீண் வேலை.

நடுவர் சந்தனக் கலரில் ஜிப்பா போட்டு வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நீங்கதானா தோக்குற அணி? நல்லதும்மா" என்றார். கூசாமல் சொன்னார். கை கூப்பிவேறு சொன்னார்.

முதல் சுற்றில் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். கோழிக்கறி நூறு கிராமில் இருபது கிராமுக்கு மேல் புரதம், பாலில் நூறு மில்லிக்கு மூன்று கிராம் சொச்சம்தான் என்றேன். இரும்புச்சத்து பாலில் இல்லை என்றே சொல்லலாம், கோழியில் கொஞ்சமாவது இருக்கிறது என்றேன். அப்புறம் பேரத்தை நினைத்து, ஆனால் எலும்புக்கு வேண்டிய கால்சியத்துக்குக் கோழி பாலின் பக்கத்தில்கூட வர முடியாது என்று நானே எதிரணிக்கு எடுத்துக் கொடுத்தேன். பிரசிடெண்ட் முன்வரிசையில் தலையாட்டினார். நாற்காலி என்னை நோக்கி ஓரடி நகர்ந்து வந்தது. உண்மையில் இரண்டையும் சண்டைக்கு விடுவதே பைத்தியக்காரத்தனம். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கிறது, இரண்டையும் தின்கிறவன் பாக்கியவான். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொன்னால் பிரியாணி வேகும்வரை பொழுது போக வேண்டாமா?

அடுத்து தினேஷ் எழுந்தான். தலைக்கு ஜெல் போட்டிருந்தான். பால் வெள்ளை, வெள்ளை உள்ளம், உள்ளமே கோயில் என்று எங்கெங்கேயோ போனான். போகட்டும் என்று பேசாமல் இருந்தேன். கடைசியில் பெண்கள் பக்கம் திரும்பினான்.

"தாய்மார்களே! ஏன் இடுப்பு வலி என்கிறீர்கள்? ஏன் தலை சுற்றுகிறது என்கிறீர்கள்? பால் குடிப்பதில்லை! வீட்டிலே பாலாறு ஓடுகிறது, நீங்களோ கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இது அறியாமை! இது சோம்பேறித்தனம்! இன்று முதல் தினமும் இரண்டு டம்ளர் பால் குடிப்போம் என்று உறுதி எடுங்கள்!"

ஆண்கள் கை தட்டினார்கள். மாமாவும் தட்டினார். கேனைத் தட்டுகிற அதே கை! அத்தை மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து மடியில் என் மகளை வைத்துக்கொண்டு தன் விரல்களைச் சொடக்கு எடுத்துக்கொண்டிருந்தார். கறந்து கறந்து வீங்கிய விரல்கள். சோம்பேறியாம்.

எனக்குள் என்னவோ அறுந்தது. மைக்கை ஸ்டாண்டிலிருந்து பிடுங்கினேன். "தம்பி, உக்காருங்க" என்றேன். அவன் ஏற்கனவே உட்கார்ந்துதான் இருந்தான்.

மேடைத் தமிழெல்லாம் போன இடம் தெரியவில்லை. "இங்க உக்காந்துருக்கற பொம்பளைங்கள ஒண்ணு கேக்கறேன். விடியாம எந்திரிச்சுக் கறந்தவங்க அத்தன பேரும் இருக்கறீங்க. இன்னிக்குக் காலைல ஒரு டம்ளர் பால் குடிச்சவங்க கையத் தூக்குங்க!"

ஒரு கைகூட எழவில்லை.

"சரி, போன ஞாயித்துக்கெழம கோழிக்கால் தின்னவங்க தூக்குங்க!"

ஒரே ஒரு கை எழுந்தது. என் வீட்டுக்காரர். ஒரு கையில் செல்போனில் என்னை வீடியோ எடுத்துக்கொண்டு, மறுகையைப் பழக்க தோஷத்தில் தூக்கிவிட்டார். பெண்கள் பக்கம் சிரிப்பு வெடித்தது.

"பாத்துக்குங்க! பாலுல சத்தா, கோழில சத்தான்னு எங்ககிட்டக் கேக்கறீங்க. எங்களுக்கு எப்புடிங்க தெரியும்? ரெண்டையும் நாங்க தின்னு பாத்தாத்தான? பால் சங்கத்துக்குப் போகுது, காலு உங்க வாய்க்குப் போகுது. எங்களுக்குக் கட்டஞ்சாயாவும் கழுத்தெலும்பும். இதுல சோம்பேறின்னு பேரு வேற!"

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். பெண்கள் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். பிரசிடெண்ட்கூட, போனால் போகிறது, சின்னப் பிள்ளை என்கிற முகத்தோடுதான் இருந்தார். நிறுத்தியிருந்தால் இன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருப்பேன். ஆனால் கோபத்துக்கு பிரேக் கிடையாது, எனக்குப் பாடப் புத்தகம் வேறு ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது.

"அப்படி என்னதானுங்க இருக்குது அந்தப் பால்ல? நூத்துக்கு எம்பத்தேழு பங்கு தண்ணி! வெறுந்தண்ணி!"

இது அறிவியல். எந்தப் பசுவின் பாலை எடுத்தாலும், மடியிலிருந்து இறங்கும்போதே ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர் இருக்கும். எங்கள் கல்லூரியில் இதைச் சொன்னபோது ஒருத்தியும் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. ஆனால் இது பால் ஊற்றிப் பிழைக்கிற ஊர். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் தண்ணீர் என்றால் ஒரே அர்த்தம்தான். டெஸ்டர் வேலைக்கு வரப்போகிறவள், மேடையேறி, மைக்கில், உங்கள் பாலெல்லாம் தண்ணீர் என்கிறாள்.

பந்தலே எழுந்து நின்றது.

"எவன்டா எம்பத்தேழு ஊத்துனது?"

"என்ற கேனைத் தொறந்து பாத்துப்போட்டுச் சொல்லு அம்மிணி!"

"மேக்கால தெருக்காரனுக வேலையாத்தான் இருக்கும்!"

"யாரச் சொல்ற? வாடா இங்க!"

பிரசிடெண்ட் மேடைக்கே ஓடி வந்துவிட்டார். "டெஸ்டு பண்ணாம எப்புடிங்கம்மிணி சொல்லலாம்?"

"யாரும் ஊத்தலீங்க! மாடே ஊத்துதுங்க! மாட்டுக்குள்ளயே..." என்று நான் மைக்கில் கத்தினேன்.

"வாயில்லா ஜீவன் மேல பழி போடறா பாரு!" என்றார் ஒரு பெரியவர். நடுவர் மேசையில் மணியை அடித்துக்கொண்டே இருந்தார், பால்காரர் வந்தது போல.

அப்போதுதான் மூன்றாவது வரிசையில் அத்தை எழுந்தார். இடுப்பில் என் மகள். வாழ்நாளில் நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்திராதவர். மருமகளை ஊரே சேர்ந்து திட்டுகிறது என்றவுடன், எனக்கு ஆதரவாகப் பேசுவதாக நினைத்து, தொண்டை கிழியச் சொன்னார்:

"எம்பத்தேழெல்லாம் அநியாயமுங்க! நானெல்லாம் ஒரு சொம்புக்கு மேல ஊத்துனதே இல்ல!"

பந்தலில் இருந்த அத்தனை தலையும் அத்தை பக்கம் திரும்பியது.

அதற்குள் இன்னொரு பக்கத்திலிருந்து ஒரு குரல். "நா அரைச் சொம்புதானுங்க!" அது தினேஷின் அம்மா, பிரசிடெண்ட்டின் கூடப்பிறந்த அக்கா. பின்னாலிருந்து ஒருத்தி, "நாங்க வெயில் காலத்துல மட்டுந்தானுங்க" என்றாள். எண்பத்தேழு என்கிற பெரிய பழிக்கு முன்னால் தங்கள் சொம்பு எவ்வளவு சின்னது என்று காட்ட ஆளாளுக்கு அவசரம். நான் கேட்கவே இல்லை, என்னை நம்புங்கள். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

மாமா எழுந்து நின்றார். தேய்த்த சட்டை. "ஏனடி? என்ற கேன்ல தண்ணி ஊத்துனியா நீ?"

அத்தைக்கு அப்போதுதான் தான் சொன்னது காதில் விழுந்தது போலிருக்கிறது. ஆனால் பின்வாங்கவில்லை. இத்தனை வருஷமாக அவருக்குள்ளும் கோபம் இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.

"ஊத்துனேன். எதுக்குன்னு கேளுங்க. ஒரு சொட்டுக் கொறஞ்சாலும் கேனைத் தட்டிப் பாத்துப்போட்டுக் கத்துவீங்க. இவ பச்ச ஒடம்புக்காரி, புள்ளைக்குப் பால் குடுக்கறவ. கட்டஞ்சாயாவக் குடிச்சுப்போட்டு இவ எப்புடிங்க எந்திரிச்சு நடப்பா? ஒரு சொம்பு எடுத்தேன், ஒரு சொம்பு ஊத்துனேன். கேனு நெறஞ்சுதான இருந்துது? பொறகென்ன?"

பாக்கெட் பால்.

நான் மேடையில் நின்றுகொண்டிருந்தேன். தினம் ராத்திரி நான் குறை சொல்லிச் சொல்லிக் குடித்த பால். சத்தே இல்லை, ருசியே இல்லை என்று வகுப்பெடுத்த பால். எங்கள் தொழுவத்து மாட்டின் பால்! எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, யார்மேல் என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லாமல் மறைத்த அத்தைமேல், கேனைத் தட்டிய மாமாமேல், வீடியோ எடுத்த புருஷன்மேல், எல்லோருக்கும் மேலாக என் பட்டப்படிப்புமேல். அழுகை வந்தது. அழுதுகொண்டே தினேஷைப் பார்த்து, "சோம்பேறின்னு சொன்னீங்கல்ல தம்பி?" என்றேன். அது மைக்கில் விழுந்து, வெளியே ரோடுவரைக்கும் கேட்டதாம்.

நடுவர் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "இரு தரப்பு வாதங்களையும் சீர்தூக்கிப் பார்க்கும்போது, உடலுக்கு உரம் தருவது பாலே! பாலே! என்று தீர்ப்பளிக்கிறேன்" என்றார். ஒருவர் காதிலும் விழவில்லை. பிரியாணி மாஸ்டர் பின்னாலிருந்து, "தம் ஒடச்சாச்சு, வாங்க!" என்று குரல் கொடுத்தார். அது எல்லோர் காதிலும் விழுந்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் குத்துவிளக்கைக் கொடுத்தாக வேண்டுமே. பிரசிடெண்ட் மாமாவின் பெயரைச் சொன்னார். மாமா போய் வாங்கினார், நிமிராமல். "ஒரு சொம்பு கழிச்சுக் குடுங்க!" என்று கூட்டத்திலிருந்து எவனோ கத்தினான். மாமா பிரியாணி சாப்பிடாமலே வீட்டுக்கு நடந்துவிட்டார். (செந்தில் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தார். கால்.)

வீட்டுக்கு வந்து அத்தையைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்கத்தை பொய் சொன்னீங்க? பாக்கெட் பாலுன்னு?"

"சொல்லியிருந்தா நீ குடிச்சிருப்பியா? மாமாகிட்டப் போய் நியாயம் பேசியிருப்ப. ஊடு ரெண்டாயிருக்கும். பாலும் போயிருக்கும்." பிள்ளையை என் மடியில் போட்டுவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கறந்து முடித்ததும் மாமா கேனைத் தட்டவில்லை. சமையலறைக்குள் வந்தார் (அதுவே அதிசயம்), சொம்பை எடுத்துப் போனார், பாலை மொண்டு கொண்டுவந்து அடுப்பு மேடையில் வைத்தார். "இது அம்மிணிக்கு" என்றார். போனவர் திரும்பி வந்து இன்னொரு சொம்பு வைத்தார். "இது உனக்கு" என்றார் அத்தையைப் பார்த்து.

அத்தை மூக்கைச் சுளித்தார். "எனக்கெதுக்குங்க? எனக்குப் பால் வாடையே ஆகாது."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதருக்கு அது தெரியாது. "அப்ப ஞாயித்துக்கெழம கோழிக்கால நீ தின்னு" என்று சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார்.

சொன்னதற்கு மேலேயே நடக்கிறது. கோழிக்கு இரண்டு கால்தான், ஒன்று எனக்கு, ஒன்று அத்தைக்கு. ஆண்கள் இருவரும் கழுத்தெலும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறார்கள். "குழம்புலதானுங்க சத்தெல்லாம் எறங்கியிருக்குது" என்று நான் செந்திலுக்கு வாராவாரம் நினைவூட்டுகிறேன்.

ஆனால் வேலை? அதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது. அடுத்த வாரம் சங்கத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். நாற்காலி அங்கேதான் இருந்தது, கைக்கெட்டுகிற தூரத்தில்.

"மனசுக்குச் சங்கடமாத்தான் இருக்குதுங்கம்மிணி" என்றார் பிரசிடெண்ட். "தண்ணி ஊத்துன ஊட்டுல இருந்து டெஸ்டர் வெச்சா ஊரு என்ன பேசும்?"

"அப்ப யாருக்குங்க வேலை?"

"நம்ம தினேசுக்குத்தானுங்க."

"அவங்கம்மாவும் ஊத்துனேன்னு சொன்னாங்களே! மைக்கு இல்லாமயே கேட்டுதுங்களே!"

பிரசிடெண்ட் என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு கூச்சமும் இல்லை. "அது அரைச் சொம்புதானுங்க" என்றார்.

நான் அங்கே என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. சங்கத்துக்கு வெளியே வரிசையில் நின்றவர்கள் கேனை வைத்துவிட்டு வந்து கேட்டார்களாம். அந்த வேலை என்னுடையது. இப்போதும் சொல்கிறேன், எப்போதும் சொல்வேன். நான் இன்று பஸ் பிடித்துக் கொல்லங்கோட்டுக்குப் போய் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுக்கிறேன். செந்தில் எடுத்த வீடியோ ஊர் ஊராகச் சுற்றியதால், பஸ்ஸில்கூட, "எம்பத்தேழு, தள்ளி உக்காருங்க" என்கிறார்கள். என் வீட்டுக்காரரின் செல்போனில் என் பெயரும் அதுதான்.

லாக்டோமீட்டரைத் தினேஷ் பிடித்துக்கொண்டிருக்கிறான், பம்பரம் பிடிப்பது போல. மாமாவுக்கு முட்டி வலி வந்தபிறகு கேனை அத்தைதான் கொண்டுபோகிறார். எங்கள் வீட்டுப் பாலில் இப்போது ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. எடுப்பதைச் சொல்லியே எடுக்கிறோம், பின்னே எதற்கு ஊற்ற வேண்டும்? இருந்தாலும் எங்கள் கேன் வந்தால் மட்டும் அவன் குழாயை இரண்டு தடவை தூக்கிப் பார்ப்பான். புருவத்தைச் சுருக்குவான். "பெரியம்மா, தண்ணி இருக்கறாப்புல தெரியுதுங்களே?" என்பான்.

வரிசையில் நிற்கிற பெண்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு இதற்காகவே காத்திருப்பார்கள். அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொல்வார்:

"ஏன் தம்பி, மாடு எம்பத்தேழு ஊத்தலாம், நா ஒரு சொம்பு ஊத்தக் கூடாதாக்கும்?"